லாரியின் கடைசிச் சக்கரம் வரை பிரேக் எப்படி உடனே போய்ச் சேர்கிறது? ரிலே வால்வு: ஓர் எளிய விளக்கம்

பன்னிரண்டு சக்கர லாரியில் டிரைவரின் காலடியில் இருக்கும் பிரேக் பெடலில் இருந்து கடைசி ஆக்சில் வரை, வளைந்து நெளிந்து போகும் குழாயின் நீளம் எட்டு, ஒன்பது மீட்டர் வரும். டிரெய்லர் என்றால் இன்னும் பத்துப் பன்னிரண்டு மீட்டரைக் கூட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவு தள்ளி இருக்கும் பிரேக்கும், டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கும் முன் சக்கர பிரேக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். முன்னால் பிடித்து, பின்னால் பிடிக்கத் தாமதமானால் பின்னால் இருக்கும் பாரம் முன்பக்கத்தைத் தள்ளும். டிரெய்லர் வண்டியாக இருந்தால் நடுவில் மடங்கியே போய்விடலாம்.

இதைச் சமாளிக்க லாரியின் பின் ஆக்சிலுக்குப் பக்கத்தில், சேஸிஸின் குறுக்குச் சட்டத்தில் ஒரு அலுமினிய டப்பா பொருத்தியிருப்பார்கள். உள்ளங்கையில் அடங்குவதைவிடக் கொஞ்சம் பெரிது. நான்கைந்து குழாய்கள் அதில் வந்து சேரும், அடியில் ஒரு ரப்பர் மூடி தொங்கும். டிரைவர் பிரேக்கில் இருந்து காலை எடுத்ததும் ‘புஸ்ஸ்’ என்று காற்று வெளியேறும் சத்தம் வருகிறதே, அதில் பெரும் பங்கு இங்கிருந்துதான் வருகிறது. இதுதான் ரிலே வால்வு.

அதற்கு முன் ஏர் பிரேக்கைப் பற்றி நாலு வரி. காரில் பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் போய் பிரேக்கைப் பிடிக்கும். கனரக லாரியில் அந்த வேலையைக் காற்று செய்கிறது. இன்ஜின் ஓட்டும் கம்ப்ரஸர் காற்றை அழுத்தி டேங்குகளில் நிரப்பி வைக்கும். பல வண்டிகளில் இது 8 பார் அளவில் இருக்கும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றி இருக்கும் காற்றின் அழுத்தம்), புதிய வண்டிகளில் இன்னும் அதிகம். பெடலுக்கு அடியில் இருக்கும் வால்வு, மிதித்த அளவுக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பிரேக் சேம்பர் என்ற வட்ட டப்பாவுக்குள் காற்று புகுந்து, ஒரு ரப்பர் டயபிரத்தைத் தள்ளும். டயபிரம் ஒரு கம்பியைத் தள்ள, கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற நெம்புகோலைத் திருப்ப, அது ‘S’ வடிவத்தில் இருக்கும் எஸ்-கேமைச் சுழற்ற, கேம் பிரேக் ஷூவை டிரம்மோடு அழுத்தும். காலை எடுத்தால் காற்று வெளியேறி எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. லாரியில் டிரைவரின் கால் பலம் பிரேக்குக்குப் போவதே இல்லை. கால் ஒரு குழாயைத் திறந்து மூடுகிறது, அவ்வளவுதான். பிடிக்கும் பலம் முழுக்கக் காற்றினுடையது. 30 சதுர அங்குல டயபிரம் கொண்ட சேம்பரில் 6 பார் காற்று புகுந்தால், அந்தக் கம்பி ஆயிரத்து நூறு கிலோவுக்கு மேல் தள்ளும். ஒவ்வொரு சக்கரத்திலும் இத்தனை.

தாமதம் எங்கே வருகிறது?

காற்று நீண்ட குழாயில் பயணம் செய்ய நேரம் ஆகிறது, அதனால்தான் தாமதம் என்று பலர் நினைக்கிறார்கள். இது பாதிதான் சரி. குழாயின் ஒரு முனையில் அழுத்தம் கூடிய செய்தி மறுமுனைக்கு ஒலியின் வேகத்தில், அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரில் போய்விடும். ஒன்பது மீட்டர் தூரத்தைக் கடக்க அதற்கு ஒரு நொடியில் நாற்பதில் ஒரு பங்கு போதும். டிரைவரின் கால் பெடலுக்கு வந்து சேரவே அதைவிட அதிக நேரம் ஆகும்.

நேரத்தைத் தின்பது காற்றின் அளவு. 30-ஆம் எண் சேம்பர் (மேலே சொன்ன 30 சதுர அங்குல டயபிரம் கொண்டது) ஒன்று முழுதாக நீளும்போது உள்ளே கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் இடம் உண்டாகும். பின்னால் இரண்டு ஆக்சில், நான்கு சேம்பர் என்றால் ஆறு லிட்டர். அதை 6 பார் அழுத்தத்தில் நிரப்ப, வெளிக்காற்று அளவில் பார்த்தால் முப்பத்தாறு லிட்டர் காற்றை உள்ளே திணிக்க வேண்டும். ஓட்டும்போது சேம்பர் முழுதாக நீளாது என்பதால் பாதி என்றே வைத்துக்கொள்வோம். அவ்வளவு காற்றையும் பெடல் வால்வின் சின்ன வாய் வழியாகவும், விரல் பருமன் குழாய் வழியாகவும், எட்டு மீட்டர் தூரத்துக்கு, ஒவ்வொரு வளைவிலும் உரசிக்கொண்டு அனுப்ப வேண்டும். அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

அரை நொடி தாமதித்தால் என்ன என்று கேட்கலாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி அரை நொடியில் எட்டு மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதனால்தான் இதற்கென்றே விதிகள் உண்டு. ஐநாவின் 13-ஆம் எண் வாகன விதியின்படி, பெடலை வேகமாக மிதிக்கத் தொடங்கியதில் இருந்து 0.6 நொடிக்குள், வண்டியில் காற்று போய்ச் சேர மிகவும் தாமதமாகும் இடத்தில் இருக்கும் சேம்பரிலும் அழுத்தம் அதன் இறுதி அளவில் 75 சதவீதத்தை எட்டிவிட வேண்டும். அமெரிக்க விதி லாரிகளுக்கு 0.45 நொடிக்குள் 60 பிஎஸ்ஐ (சுமார் 4 பார்) வர வேண்டும் என்கிறது. அத்தோடு விடாமல், காலை எடுத்தபின் 95-ல் இருந்து 5 பிஎஸ்ஐ-க்கு இறங்கவும் 0.55 நொடிதான் கொடுக்கிறது. விடுவதற்கும் கெடு வைத்திருப்பதைக் கவனியுங்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்தி வேறு, காற்று வேறு

வழி எளிது. அத்தனை காற்றையும் முன்னால் இருந்து அனுப்பாதே. பின் ஆக்சிலுக்குப் பக்கத்திலேயே காற்று டேங்கை வைத்துவிடு. பெடலில் இருந்து ‘இத்தனை அழுத்தம் வேண்டும்’ என்ற செய்தி மட்டும் போகட்டும்.

அந்தக் காலத்து மணியார்டரை நினைத்துப் பாருங்கள். சென்னையில் மகன் கட்டிய அதே நோட்டுகளையா தபால்காரர் ஊரில் இருக்கும் அம்மாவிடம் கொடுத்தார்? போனது தகவல்தான். பணம் உள்ளூர் தபால் ஆபீஸின் கையிருப்பில் இருந்து வந்தது. ரிலே வால்வு செய்வதும் இதுவே.

இந்தச் செய்தியும் காற்றழுத்தமாகத்தான் போகிறது. ஆனால் அது நிரப்ப வேண்டிய இடம் மிகச் சிறியது. ரிலே வால்வுக்குள் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் ஒரு சின்ன அறையும், போகிற வழியில் இருக்கும் குழாயும்தான். 8 மில்லிமீட்டர் துளை கொண்ட எட்டு மீட்டர் குழாய்க்குள் நானூறு மில்லிலிட்டர்தான் இடம் இருக்கும். ஆறு லிட்டர் எங்கே, அரை லிட்டருக்கும் குறைவு எங்கே!

உள்ளே நடப்பது

வால்வைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு வாயிலும் ஓர் எண் அச்சடித்திருக்கும். இந்த எண்களைத் தெரிந்துகொண்டால் பாதி வால்வு புரிந்த மாதிரி. 1 என்பது டேங்கில் இருந்து காற்று வரும் வாய். 2 என்பது சேம்பர்களுக்குப் போகும் வாய். பல சேம்பர்களுக்குப் போவதால் இது ஒன்றுக்கு மேல் இருக்கும், 21, 22 என்றும் போட்டிருப்பார்கள். 3 என்பது காற்று வெளியேறும் வாய், அடியில் ரப்பர் மூடியோடு இருப்பது. 4 என்பது பெடலில் இருந்து செய்தி வரும் வாய். ரிலே வால்வுக்கு மட்டும் அல்ல, ஏர் பிரேக்கில் மற்ற வால்வுகளுக்கும் இதே முறைதான்.

உள்ளே இரண்டு முக்கியமான பொருள்கள். மேலே ஒரு பிஸ்டன், சில வகைகளில் அதற்குப் பதிலாக ரப்பர் டயபிரம். கீழே நடுவில் ஓட்டை உள்ள ஒரு வால்வு, அதை ஒரு ஸ்பிரிங் மேல் நோக்கித் தள்ளி அதன் இருக்கையில் உட்கார வைத்திருக்கும். அந்த வால்வு இருக்கையில் உட்கார்ந்திருக்கும்வரை டேங்க் காற்று உள்ளே வர முடியாது.

பெடலை மிதிக்கிறோம். 4-ஆம் வாய் வழியாக வந்த அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பிஸ்டனின் அடிமுனை முதலில் அந்த வால்வின் நடு ஓட்டையில் போய் உட்காருகிறது. அந்த ஓட்டை வழியாகத்தான் சேம்பர் காற்று வெளியே போக வேண்டும், ஆக வெளிவழி அடைபட்டது. பிஸ்டன் இன்னும் கொஞ்சம் இறங்கினால் வால்வையே இருக்கையில் இருந்து கீழே தள்ளிவிடும். டேங்க் காற்று பாய்ந்து வந்து 2-ஆம் வாய் வழியாகச் சேம்பர்களுக்குப் போகும். இந்த வரிசை முக்கியம்: முதலில் வெளிவழி மூடும், பிறகுதான் உள்வழி திறக்கும். மாறி நடந்தால் டேங்க் காற்று நேராக ரோட்டுக்குப் போய்விடும்.

அழகான இடம் இனிமேல்தான் வருகிறது. சேம்பருக்குப் போகிற காற்று பிஸ்டனின் அடிப்பக்கத்தையும் தொடுகிறது. டிரைவர் 2 பார் அளவுக்கு மிதித்திருக்கிறார் என்போம். மேலே இருந்து 2 பார் அழுத்துகிறது. கீழே அழுத்தம் ஏறி ஏறி 2 பாரை நெருங்கும்போது பிஸ்டனைக் கீழே தள்ள ஆள் இல்லை. ஸ்பிரிங் வால்வை மேலே தூக்கி மறுபடி இருக்கையில் உட்கார வைக்கிறது. ஆனால் பிஸ்டனின் முனை வால்வின் ஓட்டையை விட்டு இன்னும் விலகவில்லை. உள்வழியும் மூடியிருக்கிறது, வெளிவழியும் மூடியிருக்கிறது. சேம்பரில் 2 பார் அப்படியே நிற்கிறது.

இன்னும் கொஞ்சம் அழுத்தி 3 பார் கேட்டால் பிஸ்டன் மறுபடி இறங்கும், 3 வரும்வரை திறந்திருக்கும், பிறகு மூடும். சேம்பர் பக்கம் எங்கோ லேசாகக் காற்று கசிந்து அழுத்தம் குறைந்தாலும் இதேதான் நடக்கும், வால்வு தானாகவே ஈடுகட்டும். யாரும் சொல்ல வேண்டியதில்லை, மின்சாரம் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. இரண்டு பக்க அழுத்தங்களின் இழுபறி மட்டுமே. இந்தச் சாதனத்தில் என்னை மிகவும் கவர்ந்தது இதுதான்.

ரிலே வால்வு அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். பொதுவாக அப்படி இல்லை. கேட்டது 2 பார் என்றால் கொடுப்பதும் ஏறக்குறைய 2 பார்தான். கூடுவது வேகமும் காற்றின் அளவும் மட்டுமே.

காலை எடுக்கிறோம். 4-ஆம் வாயின் அழுத்தம் போய்விடுகிறது. கீழே இருக்கும் சேம்பர் காற்று பிஸ்டனை மேலே தூக்க, நடு ஓட்டை திறந்து, மொத்தக் காற்றும் 3-ஆம் வாய் வழியாக வெளியேறுகிறது. புஸ்ஸ்! ரிலே வால்வு இல்லாவிட்டால் இத்தனை காற்றும் வந்த வழியே திரும்பி, பெடல் வால்வு வரை போய் அங்கேதான் வெளியேற வேண்டும். அதுவரை பிரேக் ஷூ டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் சூடாகும், டீசல் வீணாகும். விடுவதற்கும் விதியில் கெடு வைத்ததன் காரணம் இது.

முன் ஆக்சிலுக்குப் பெரும்பாலும் ரிலே வால்வு இருக்காது. அது பெடலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, நிரப்புவதில் தாமதம் இல்லை. விடும்போது மட்டும் பக்கத்திலேயே காற்றை வெளியேற்றும் குயிக் ரிலீஸ் வால்வு அங்கே போதும்.

நிறுத்தும் பிரேக்கில் எல்லாம் தலைகீழ்

ஹேண்ட் பிரேக்குக்கும் பல வண்டிகளில் தனியாக ஒரு ரிலே வால்வு உண்டு. ஆனால் அங்கே கதை தலைகீழ். நிறுத்தும் பிரேக்கைப் பிடிப்பது காற்று இல்லை, சேம்பருக்குப் பின்னால் இருக்கும் முரட்டு ஸ்பிரிங். காற்று அந்த ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடித்து பிரேக்கை விடுவிக்கிறது. ஓடும்போது ரிலே வால்வு காற்றை நிரப்பி வைத்திருக்கும். டிரைவர் லீவரை இழுத்தால் செய்திக் காற்று போய்விடும், ரிலே வால்வு ஸ்பிரிங் அறையில் இருக்கும் காற்றை வெளியேற்றும், ஸ்பிரிங் பிடித்துக்கொள்ளும். காற்று மொத்தமும் கசிந்து போனாலும் வண்டி உருளாது.

ஹேண்ட் பிரேக் போட்ட நிலையில் யாராவது பெடலையும் மிதித்தால் ஸ்பிரிங் பலமும் காற்றின் பலமும் ஒரே கம்பியில் சேர்ந்து விழும். ஸ்லாக் அட்ஜஸ்டருக்கும் கேமுக்கும் அது தாங்காது. அதனால் சில ரிலே வால்வுகளில் 41, 42 என்று இரண்டு செய்தி வாய்கள் இருக்கும். பெடல் காற்று வந்தால் அது ஸ்பிரிங் அறைக்கும் காற்றை அனுப்பி, அந்த அளவுக்கு ஸ்பிரிங்கைத் தளர்த்திவிடும்.

டிரெய்லரில் இருப்பது ரிலே எமர்ஜென்சி வால்வு. இழுத்துப் போகும் முன்வண்டியில் இருந்து டிரெய்லருக்கு இரண்டு ஹோஸ் போகும். ஒன்று டிரெய்லர் டேங்கை நிரப்ப, மற்றது பெடலின் செய்திக்கு. நிரப்பும் ஹோஸ் அறுந்துவிட்டால், அந்த அழுத்தம் விழுந்ததையே செய்தியாக எடுத்துக்கொண்டு, வால்வு டிரெய்லரின் டேங்கில் இருக்கும் காற்றைச் சேம்பர்களில் கொட்டி பிரேக்கைப் பிடிக்க வைக்கும்.

இந்த யோசனை லாரிகளுக்கு முந்தியது. அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869-ல் ரயிலுக்குச் செய்த முதல் ஏர் பிரேக்கில், காற்று முழுவதும் இன்ஜினில் இருந்தே கடைசிப் பெட்டி வரை போக வேண்டியிருந்தது. ரயில் நீளமானால் கடைசிப் பெட்டிக்குத் தாமதம், குழாய் அறுந்தால் பிரேக்கே இல்லை. 1872-ல் அவர் ஒவ்வொரு பெட்டியிலும் தனி டேங்கும் ஒரு வால்வும் வைத்தார். பொதுக் குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தந்தப் பெட்டி தன் டேங்கில் இருந்தே பிரேக் பிடிக்கும். நம் லாரிக்கு அடியில் இருப்பவை இதன் உறவுக்காரர்கள்தான். இந்திய லாரிகளின் ஏர் பிரேக் உறுப்புகளுக்குச் சென்னையோடு பழைய தொடர்பு உண்டு. 1962-ல் பிரிட்டனின் கிளேட்டன் டிவாண்டர் நிறுவனத்தின் கூட்டோடு சென்னையின் பாடி பகுதியில் தொடங்கிய சுந்தரம் கிளேட்டன், அவற்றை இங்கே தயாரிக்கத் தொடங்கியது.

3-ஆம் வாயில் காற்று கசிந்தால்

ரிலே வால்வின் மேல் விழும் பழி பெரும்பாலும் இங்கேதான். அடியில் இருக்கும் வாயில் காற்று கசிகிறது, வால்வு போச்சு, புதிது மாற்று என்பார்கள். மாற்றியபிறகும் கசியும். காரணம், 3-ஆம் வாயில் வெளியே வரும் காற்று வேறு இடத்தில் இருந்தும் வந்திருக்கலாம்.

ஸ்பிரிங் பிரேக் இருக்கும் சேம்பரில் இரண்டு அறைகள், நடுவில் ஒரு சீல். ஓடும் நிலையில் ஸ்பிரிங் அறையில் எப்போதும் காற்று நிறைந்திருக்கும். அந்தச் சீல் தேய்ந்தால் காற்று பக்கத்து அறைக்குள் கசிந்து, சேம்பருக்குப் போகும் குழாய் வழியாகவே திரும்பி வந்து, ரிலே வால்வின் திறந்த வாயில் வெளியேறும். வால்வு பாவம், வழிவிட்டது மட்டுமே அதன் குற்றம்.

பிரித்துப் பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, டேங்க் நிறைந்திருக்க, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பெடலைத் தொடாமல் 3-ஆம் வாயில் சோப்பு நுரை தடவுங்கள். நுரை குமிழ்கிறதா? இப்போது ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கசிவு நின்றால் குற்றவாளி சேம்பரின் சீல், ஏனென்றால் ஸ்பிரிங் அறையில் இப்போது காற்று இல்லை. நிற்காமல் தொடர்ந்தால் ரிலே வால்வின் உள்வழி இருக்கை சரியாக மூடவில்லை, அதில் அழுக்கோ தேய்மானமோ இருக்கும். காலை எடுத்தால் கசிவு இல்லை, பெடலை மிதித்துப் பிடிக்கும்போது மட்டும் கசிகிறது என்றால், பிஸ்டன் முனை வந்து உட்காரும் வெளிவழி சரியில்லை. மூன்று கேள்வி, மூன்று பதில். புதிய வால்வுக்குக் காசு கொடுக்கும் முன் இதைச் செய்யச் சொல்லுங்கள்.

சேம்பர்தான் காரணம் என்று தெரிந்தால் உற்சாகத்தில் ஸ்பிரிங் அறையைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே அமுங்கி இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லும் பலம் உள்ளது, அப்படி இறந்தவர்கள் உண்டு. அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

கசிவைத் தவிர இன்னொரு தொல்லை, பிரேக் மெதுவாக விடுவது. கம்ப்ரஸர் தேய்ந்து எண்ணெயைக் காற்றோடு அனுப்பினால் உள்ளே ரப்பர் உப்பிப் பிஸ்டன் இறுகும். காற்றின் ஈரத்தை எடுக்கும் ஏர் டிரையரைக் கவனிக்காமலும் டேங்கில் தண்ணீரை வடிக்காமலும் விட்டால் துருவும் சேறும் இருக்கையில் வந்து உட்காரும். அடி ரப்பர் மூடி கிழிந்து விழுந்த வண்டி சில வாரம் சும்மா நின்றால், அந்த ஓட்டைக்குள் குளவி மண்கூடு கட்டிவிடுவதும் உண்டு!

மலைச்சாலையில் இறங்கும்போது இந்த வால்வை நினைவில் வைப்பது நல்லது. ஒவ்வொரு முறை மிதித்து விடும்போதும் டேங்கில் இருந்து எடுத்த காற்றை அது வெளியே கொட்டுகிறது, திரும்பச் சேமிப்பதில்லை. திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சும்மா சும்மா தட்டிக்கொண்டே இறங்கினால், கம்ப்ரஸர் நிரப்புவதைவிட வேகமாக டேங்க் காலியாகும். லைனிங் சூடாவது தனிக் கதை. சரியான கியரும், இன்ஜின் புகைவழியை அடைத்து வேகத்தைக் குறைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இருக்கப் பெடலை அளவோடு மிதிக்கலாம்.

கடைசியாக, வால்வை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குழாய் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து வாங்காதீர்கள். பிஸ்டனின் உரசலையும் ஸ்பிரிங்கையும் வென்று வால்வு திறக்கத் தொடங்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அது வகைக்கு வகை மாறும், பொதுவாக 0.3 பாரை ஒட்டி இருக்கும். ஒரு ஆக்சிலுக்கு 0.3 பாரில் திறக்கும் வால்வும், இன்னொன்றுக்கு அதைவிட அதிகம் கேட்கும் வால்வும் போட்டால், லேசாக மிதிக்கும்போதெல்லாம் ஒரு ஆக்சில் மட்டும் உழைக்கும். ரோட்டில் டிரைவர் மிதிப்பதில் பெரும்பகுதி லேசான மிதிதான். கொஞ்ச நாளில் அந்த ஆக்சிலின் லைனிங் மட்டும் தேய்ந்து நிற்கும், லைனிங் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம். பழைய வால்வில் இருக்கும் பாகம் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்குங்கள்.